மங்கா சிஸ்டர் வந்தால் ஃபேன் நிற்கும்

1

உத்ரெக்டில் நான் இருக்கும் வீட்டில் ஃபேன் கிடையாது. கூரையில் ஒரு கொக்கிகூட இல்லை. நெதர்லாந்து வந்த புதிதில் படுத்தால் காது எதையோ தேடும். கடைசியில் போனில் ஃபேன் சத்தத்தை ஓடவிட்டுத்தான் தூங்கினேன். சிரிக்காதீர்கள், பெங்களூரு மர்பி டவுனில் பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். எங்கள் ஹாலில் இன்னும் ஓடுவது அப்பா கல்யாணத்துக்கு வாங்கிய ஃபேன். கடகடவென்று ஒரு சத்தம். அப்பாவோடு போனில் பேசினால் பாதி அப்பா, பாதி அந்த ஃபேன்.

மூன்று வருடம் முடிந்துவிட்டது. கடையில் பை வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதற்கு இன்றும் வாயில் முதலில் வருவது "பேடா". டச்சும் இல்லை, தமிழும் இல்லை, சுத்தமான கன்னடம்! கல்லாவில் இருக்கிற பெண் பாவம், புன்னகையோடு பையைக் கொடுத்துவிடுகிறாள்.

இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் கடிதம் வரும். குப்பைக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, போன கடிதத்துக்குப் பதில் போடவில்லை என்று ஒன்று. அதனால் இந்த மாதம் வந்த உறையையும் குப்பை வரி என்று நினைத்து பிரெட் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். பன்னிரண்டு நாள் அங்கேயே கிடந்தது. நேற்று எடுத்து போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்தேன்.

நீங்கள் இறந்த பிறகு உங்கள் உறுப்புகளை என்ன செய்யலாம் என்று அரசாங்கம் கேட்டிருந்தது.

நாலு கட்டம். சரி. வேண்டாம். குடும்பம் முடிவு செய்யட்டும். நான் பெயர் சொல்கிறவர் முடிவு செய்யட்டும். ஆறு வாரத்துக்குள் பதில் வேண்டும். நினைவூட்டலுக்கும் பதில் இல்லை என்றால், உங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று பதிந்துகொள்வோம்.

சமையலறையில் நின்றபடி அந்தக் கடைசி வரியை நாலு தடவை படித்தேன். சும்மா இருந்தாலே சரி என்று அர்த்தமா? அந்த ஒரு "சரி"க்காக என் அம்மா முப்பது வருடம் வீடு வீடாக ஏறி இறங்கினாளே!

அம்மா போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம்.

2

அம்மாவின் பெயர் மங்கையர்க்கரசி. தெருவுக்கு மங்கா சிஸ்டர். அரசாங்கக் கண் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். கருவிழி வார்டு அவளுடையது. கண்ணுக்கு முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய படலம் இருக்கிறதே, அதுதான் கருவிழி. அது கெட்டுப்போனால் உலகம் பால் ஊற்றினமாதிரி ஆகிவிடும். இறந்தவரிடமிருந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால் இன்னொருவருக்கு வைத்துத் தைக்கலாம். எடுக்க இருபது நிமிடம்கூட ஆகாது, முகத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் வீட்டுக்காரர்கள் சரி என்று சொல்ல வேண்டும்.

"லிஸ்ட்ல இருக்கறவங்க தெனம் என்னயே பாக்கறாங்க பாப்பா" என்பாள் அம்மா. "பாக்கறாங்கன்னா, என் செருப்பு சத்தத்தப் பாக்கறாங்க. இன்னிக்காவது வந்துச்சா சிஸ்டர்னு."

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி, டியூட்டி முடிந்த பிறகு அவள் சாவு வீடுகளுக்குப் போவாள். அல்சூர், பொம்மனஹள்ளி, ஒரு தடவை இரண்டு பஸ் மாறி பீன்யாவரைக்கும். யாரும் அனுப்பவில்லை. இதற்கென்று சம்பளமும் கிடையாது.

போகிற விதம் ஒன்று உண்டு. வாசலில் செருப்பை விட்டதும் நேராக சுவிட்ச் போர்டுக்குப் போவாள். ஃபேனை நிறுத்துவாள். மே மாதம், ஒரே அறையில் நாற்பது பேர், வேர்த்து ஊற்றுகிறது, இவள் வந்து ஃபேனை நிறுத்துகிறாள்! காற்று பட்டால் கருவிழி காய்ந்துவிடும், அதனால்தான். பிறகு இறந்தவரின் இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலைக்கு அடியில் தலையணை கொடுத்துக் கொஞ்சம் தூக்கிவிடுவாள். இது முடிந்த பிறகுதான் தரையில் உட்கார்ந்து அழுவாள். நிஜமாகவே அழுவாள், அந்த ஆளைத் தெரியாவிட்டாலும். அப்புறம் எழுந்து அந்த வீட்டு அடுப்பில் எல்லோருக்கும் டீ போடுவாள். டீ கொடுத்துவிட்டு, அந்த வீட்டில் ரொம்ப நெருங்கினவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்பாள்.

ஒரே ஒரு தடவை.

"ரெண்டாவது தடவ கேட்டா அது கேக்கறது இல்ல பாப்பா, புடுங்கறது."

முடியாது என்றால் எழுந்து போய்விடுவாள் என்று நினைக்கிறீர்களா? முடியாது என்ற வீட்டுக்குத்தான் அவள் ஓட்டம் அதிகம். இறப்புச் சான்றிதழுக்கு கார்ப்பரேஷன் ஆபீஸ் வரிசையில் அவள்தான் நிற்பாள். கன்னடத்தில் பெயரைத் தப்பாக அடித்துக் கொடுத்தால் திரும்பப் போய்த் திருத்தி வாங்குவாள். ஏம்மா இப்படி என்று ஒருநாள் கேட்டேன், அப்போது நான் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தேன், எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும்.

"சரின்னவங்களுக்கு மனசு லேசாயிடும். முடியாதுன்னவங்க ரோட்ல என்னைப் பாத்தா தல குனிவாங்க. குனியக்கூடாதில்ல?" என்றாள்.

பேட்டரி ஆராய்ச்சி என்று இங்கே பெரிய பெரிய ஆட்களோடு வேலை செய்கிறேன். இப்படி ஒரு யோசனையை இதுவரை யாரிடமும் கேட்கவில்லை.

3

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. பீன்யாவில் மெஷின் ஷாப்பில் ஷிப்ட் வேலை பார்த்தவர், இரும்புக்குப் பயப்படாதவர், பிணத்துக்குப் பயப்படுவார். சொந்த அண்ணன் இறந்தபோதுகூடத் தெருமுனையில்தான் நின்றார், உள்ளே போகவில்லை. அம்மா வீடு திரும்பினால் சுப்ரபாதம் மாதிரி ஆரம்பிப்பார்.

"வந்துட்டாளா ஊருக்கு ஒழைக்கிற மகராசி? இங்க புருஷன் சாப்ட்டானா செத்தானான்னு தெரியாது, அங்க சாவு வீட்ல டீ ஊத்தறா."

"நீ செத்தா ஒனக்கும் ஊத்தறேன், இரு" என்பாள் அம்மா.

"குளிச்சிட்டு உள்ள வா மொதல்ல!"

ஆனால் பின்பக்கம் பாய்லரில் வெந்நீர் தயாராக இருக்கும். அவள் என்றைக்கு எந்தச் சாவுக்குப் போனாலும் சரி, அந்த வெந்நீர் ஆறியிருந்து நான் பார்த்ததில்லை. விறகு போட்டு வைப்பது அப்பாதான்.

தெருவுக்கும் இவள் ஒரு கேலிப் பொருள். "ஃபேன் சிஸ்டர் வர்றா, சுவிட்சப் புடிச்சிக்கோ" என்று பையன்கள் கத்துவார்கள். ஒருநாள் தெருக்கோடி தாசப்பாவுக்குக் காய்ச்சல் என்று பிரெட் வாங்கிக்கொண்டு போனாள். அவர் பேசுவது ஃபேன் சத்தத்தில் கேட்கவில்லை. பேச்சுவாக்கில் கையை நீட்டி ஃபேனை நிறுத்தினாள். கிழவர் துடித்து எழுந்து உட்கார்ந்தார்.

"ஏன் சிஸ்டர், நான் போய்ட்டனா?"

அம்மா சிரித்த சிரிப்பில் பிரெட் கீழே விழுந்துவிட்டதாம். தாசப்பாவும் சிரித்து, இருமி, "நெஜமா போறப்ப நீயே வந்து நிறுத்தும்மா, வேற எவனும் நிறுத்தக்கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். வார்டில் கட்டுப் பிரிப்பதும் அவள் வேலை. பிரித்துவிட்டு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பாள். ஊதுபத்தி உருட்டுகிற ஒரு பெண்மணி, ஏழு வருடமாக ஒன்றும் தெரியாதவர், ரொம்ப நேரம் விரலையே பார்த்துவிட்டு, "மூணு. நகத்துல மாவு ஒட்டியிருக்கு சிஸ்டர்" என்றாராம். காலையில் எனக்குத் தோசை ஊற்றிய மாவு! அம்மா வீட்டுக்கு வந்து அந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "பாரு, மாவு! மாவக் கண்டுபுடிச்சிட்டா!" அன்று ராத்திரி சாப்பிடுகிறவரை அந்தக் கையை அவள் கழுவவில்லை.

யாரோ ஒரு வீட்டில் அழுதபடி சரி என்று சொன்னதற்கும் இந்த மாவுக்கும் நடுவில் என் அம்மா பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். இப்போது யோசித்தால் தெரிகிறது. அப்போது தோசை தீய்ந்துவிட்டது என்று சண்டை போட்டிருக்கிறேன்.

4

லில்லி ஆன்ட்டி எதிர்வீடு. அவர் கணவர் இறந்தபோது நான் ஒன்பதாவது. அம்மா போனாள், ஃபேனை நிறுத்தினாள், பஞ்சு வைத்தாள், அழுதாள், டீ போட்டாள், கேட்டாள். லில்லி ஆன்ட்டி டீ கிளாசைச் சுவரில் வீசினார்.

"கழுகு மாதிரி வந்து குந்திக்கினியே மங்கா! ஆண்டவர் முன்னால என் புருஷன் கண்ணில்லாம போய் நிக்கணுமா? எழுந்து போடி!"

தெருவே பார்த்தது. அம்மா உடைந்த கண்ணாடியைப் பொறுக்கி எடுத்தாள், தரையைத் துடைத்தாள், வெளியே வந்து கல்லறைக்கு ஆள் சொல்லப் போனாள். அடுத்த வாரம் சான்றிதழை வாங்கி லில்லி ஆன்ட்டி வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தாள். அதன் பிறகு இருவரும் பேசிக்கொண்டார்கள், தண்ணி லாரி வந்துவிட்டதா, கேஸ் வந்ததா என்கிற அளவில். அந்த நாளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

5

போன வருடம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. ரிடையர் ஆக ஐந்து மாதம் இருந்தது. தெரு கிளினிக் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, சேகர் மாமா எனக்கு வீடியோ கால் போட்டார். அம்மாவின் தம்பி, பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் சூப்பர்வைசர். இங்கே காலை பதினொன்றேகால், அங்கே மதியம் இரண்டே முக்கால்.

அம்மாவைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். அவள் முகத்துக்கு மேலே அந்த ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஃபேன்! ஃபேன நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"பாவம், கொழந்த என்னமோ ஒளர்றா" என்றார் மாமா யாரிடமோ.

"மாமா, ஃபேன்!"

அப்போது கூட்டத்திலிருந்து லில்லி ஆன்ட்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சுவிட்ச் போர்டுக்குப் போனார். கடகட சத்தம் மெதுவாகி நின்றது.

"யாரது ஆஃப் பண்ணது? வேர்த்துக் கொட்டுது" என்றார் மாமா.

"நான்தான். மங்கா வீட்ல சாவுன்னா ஃபேன் நிக்கும். தெரியாதா உனக்கு?" என்றபடி ஆன்ட்டி உள்ளே போய்ப் பஞ்சை நனைத்துக்கொண்டு வந்தார். அம்மா தன் வீட்டில் செய்ததை அவர் ஒன்றுவிடாமல் பார்த்து வைத்திருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு நான் செய்தது பெரிய தப்பு. எனக்கு எப்போதும் அவசர புத்தி. யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரி டெக்னீஷியன் நாகராஜுக்கு போன் செய்துவிட்டேன். அம்மாவிடம் வேலை பழகியவர். ஒன்றரை மணி நேரத்தில் பெட்டியோடு வந்துவிட்டார். மாமா வெடித்தார்.

"அக்கா ஒடம்பு சூடு ஆறல, பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டானுங்க! யாரு கூப்ட்டா?"

"நான்தான் மாமா. இருபது நிமிஷம்தான், முகத்துல ஒண்ணும் தெரியாது, ஆறு மணி நேரத்துக்குள்ள..."

"ஃபாரின்ல குந்திக்கினு ஆர்டர் போடறியா? கொள்ளி வைக்க நேரத்துக்கு வந்து சேர முடியாதவ, கண்ண எடுக்க மட்டும் ஆள் அனுப்பறியா? அடுத்த ஜென்மத்துல எங்கக்கா குருடாப் பொறக்கணுமா?" அப்பாவின் பக்கம் திரும்பினார். "மாமா, நீங்க இதுக்குத் தல ஆட்டினீங்கன்னா இந்த வாசப்படி நான் மிதிக்க மாட்டேன்."

அப்பா எழுந்து பின்பக்கம் போய்விட்டார். கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஆகப் பத்து நிமிடம். எட்டு மணிக்கு மேல் அந்தக் கண்களால் யாருக்கும் பயனில்லை.

நாகராஜ் வாசலிலேயே நின்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மேடம் ஹேளிதாரே" என்றார் என்னிடம். மேடம் சொல்லியிருக்கிறாரே என்று அர்த்தம். "கூப்பிடாம உள்ள போகக்கூடாதுன்னு. நான் இங்கயே இருக்கேன், பரவால்ல."

அந்த வார்த்தையில்தான் எனக்கு உறைத்தது. டீ போடவில்லை. உட்காரவில்லை. கேட்கக்கூட இல்லை. நான் புடுங்கிக்கொண்டிருந்தேன்.

"ஆன்ட்டி, அப்பாவுக்கு ஒரு டீ போட்டுக் குடுத்துட்டு, போன அவர் கையில குடுக்கறீங்களா?" என்றேன்.

அப்பா பாய்லர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பாய்லர் எரிந்துகொண்டிருந்தது.

"யாருக்குப்பா வெந்நீர்?"

"தெரியல பாப்பா. சாவுன்னு சொன்னாங்களா, கை தானா வெறகு போட்டுடுச்சு."

"டீ குடிப்பா."

குடித்தார். நான் காத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. அவராகவே ஆரம்பித்தார்.

"பீரோல பாத்தேன். ஃபாரம் கட்டு கட்டா இருக்கு. எல்லாம் ஊர்க்காரங்க பேரு. அவ பேர்ல ஒண்ணு கூட இல்ல. ஊரெல்லாம் கேட்டாளே பாப்பா. எங்கிட்ட ஒரு தடவ கேக்கலயே. அவ கேக்காம நான் எப்படிச் சொல்றது?"

எத்தனையோ பேருக்குப் பேனா நீட்டியவள் தன் பெயரை மட்டும் ஒரு காகிதத்தில்கூட எழுதவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிணத்துக்குப் பயப்படுகிற மனிதரைத் தன் பிணத்தை நினைத்துப் பார்க்க வைக்க வேண்டாம் என்று விட்டாளோ? ஒரு தடவைதான் கேட்கலாம் என்ற சட்டம் அவள் போட்டது. அப்பா முடியாது என்றுவிட்டால் திரும்பக் கேட்க வழியில்லை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாளோ?

"அம்மா கேக்கலப்பா," என்றேன். "அவளுக்காக நான் கேக்கறேன். அம்மா கண்ணக் குடுக்கலாமா?"

இரண்டாவது தடவை நான் கேட்கவில்லை. அப்பா போனைப் பிடித்தபடியே எழுந்து ஹாலுக்கு வந்தார். படத்தில் ஒரு நேரம் தரை, ஒரு நேரம் அவர் வேட்டி. பிணத்துக்குப் பயப்படுகிறவர் அம்மாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார். மாமா ஏதோ ஆரம்பித்தார்.

"சேகரு," என்றார் லில்லி ஆன்ட்டி, "வாய மூடிக்கினு குந்து. அன்னிக்கு நான் முடியாதுன்னேன். அவ என்னைப் பேசவிட்டா. நீ அவரப் பேசவிடு."

ஃபேன் சத்தம் இல்லை. அந்த ஹாலில் கடிகார முள் நகர்கிற சத்தம் உத்ரெக்டில் எனக்குக் கேட்டது. ஆறு மணி தாண்டியது.

"லில்லி" என்றார் அப்பா கடைசியில். "தலகாணி எறங்கியிருக்கு பாரு. இன்னும் கொஞ்சம் தூக்கி வை."

பிறகு வாசலைப் பார்த்து, "நாகராஜ், உள்ள வாப்பா" என்றார்.

சாட்சிக் கையெழுத்து இரண்டில் ஒன்று லில்லி ஆன்ட்டி போட்டார். சேகர் மாமா மிதிக்க மாட்டேன் என்று சொன்ன வாசப்படியைப் பதினாறாம் நாளும் மிதித்தார், சாமியானா கட்டியவரே அவர்தான். அந்தக் கண்கள் யாருக்குப் போயின என்று சொல்ல மாட்டார்கள், அதுதான் விதி. பெங்களூரில் எங்கோ யாரோ ஒருவர், யாருடைய நகத்திலோ ஒட்டியிருக்கும் மாவைப் பார்த்திருப்பார். எனக்கு அது போதும். போதும் என்ன, அதை நினைத்தால் இன்றைக்கும் சைக்கிளை நிறுத்தி ஓரமாக நிற்க வேண்டியிருக்கிறது.

6

இன்று காலை கடிதத்தை மேஜைமேல் விரித்துப் பேனாவைத் திறந்தேன். முதல் கட்டம், சரி. இதில் எனக்கு என்ன யோசனை? இரண்டு விநாடி வேலை. பேனா முனை காகிதத்தைத் தொட்டபோதுதான் பாய்லர் பக்கத்தில் அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. எங்கிட்ட ஒரு தடவ கேக்கலயே.

அரசாங்கத்துக்கு என் டிக் போதும். ஆனால் அந்த மனிதரை இரண்டாவது தடவையும் கேட்காமல் விடக்கூடாது. போன் போட்டேன். அங்கே மதியம் இரண்டு இருக்கும், சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் படுத்திருக்கிற நேரம். ரொம்ப நேரம் அடித்துதான் எடுத்தார்.

"சொல்லு பாப்பா." குரல் தாழ்ந்திருந்தது.

ஏதோ குறைந்தது. ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது, கடகட சத்தம் இல்லை.

"என்னப்பா, கரெண்ட் இல்லயா?"

"கரெண்ட் இருக்கு. நான் தாசப்பா வீட்ல இருக்கேன். காலையில போய்ட்டாரு." பின்னால் யாரோ அழுவது கேட்டது, பாத்திரச் சத்தம் கேட்டது. "நானும் லில்லியும்தான் வந்தோம். அவ உள்ள டீ எறக்கறா. அப்புறம் பேசறேன்மா, அவரு பொண்ணு பக்கத்துல உக்காந்திருக்கேன். இன்னும் கேக்கல."

போனை வைத்தார்.

நானும் இன்னும் கேட்கவில்லை. பேனாவை மூடிவிட்டுக் கடிதத்தைத் திரும்ப பிரெட் டப்பாவுக்கு அடியில் வைத்தேன். பதில் போட நாலு வாரம் இருக்கிறது.